வாரிசு வரி வந்தால் மகளுக்கு லாபம்தான்!

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் 'வாரிசு வரி' என்ற பேச்சு அடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா தோழிகளே? எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும், "அப்பா, தாத்தா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த சொத்துல கவர்ன்மென்டுக்கு எதுக்குப் பங்கு?" என்று கொதித்தார்கள். எனக்கென்னவோ, முறையாகப் போட்டால் அதில் அநியாயம் இல்லை. பெண்களுக்கு நன்மையும் உண்டு என்றே தோன்றுகிறது.

மாதச் சம்பளம் வரம்பைத் தாண்டினால், வரி பிடித்தது போக மீதிதான் கைக்கு வருகிறது. உறவில்லாத தோழி அன்பாக 60,000 ரூபாய் கொடுத்தால்கூட, 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால் முழுத் தொகையும் நம் வருமானத்தில் சேர்ந்துவிடும். ஆனால், வாரிசு என்ற முறையில் 5 கோடி ரூபாய் சொத்து வந்தால் வருமான வரி ஒரு பைசா கிடையாது. இது என்ன நியாயம்?

"அப்பாதான் ஏற்கெனவே வரி கட்டிட்டாரே" என்பீர்கள். அவர் சம்பாத்தியத்துக்குக் கட்டினார், சரி. சில ஆயிரத்துக்கு வாங்கிய மனை, பக்கத்தில் ரோடும் பஸ் ஸ்டாண்டும் வந்ததால் கோடிக்குப் போனதே, அதற்கு யார் கட்டினார்கள்? அந்த ரோடு ஊரார் வரிப்பணத்தில் போட்டதுதானே!

இந்த வரி நமக்குப் புதிதும் அல்ல. 1953-ல் 'எஸ்டேட் டூட்டி' சட்டம் வந்தது. ஒரு கட்டத்தில், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 85 சதவீதம்! 1985-ல் நிதியமைச்சராக இருந்த வி.பி.சிங் அதை நீக்கினார். வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்று காரணம் சொன்னார். அந்தச் சட்டத்தில் இறந்தவரின் மொத்தச் சொத்துக்கும் சேர்த்து வரி. யாருக்கு எவ்வளவு பிரிகிறது என்பதல்ல கணக்கு.

ஜெர்மனியில் வேறு மாதிரி. வாங்கிக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. மனைவிக்கு 5 லட்சம் யூரோ, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம் யூரோ வரை வரி இல்லை. மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் 12 லட்சத்துக்கு விலக்கு. ஒருவரே எடுத்துக்கொண்டால் 4 லட்சத்துக்குத்தான்.

இதை நம் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தாகிவிட்டது. ஆனால் நடப்பது என்ன? "நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு. பொறந்த வீட்டு உறவு வேண்டாமா?" என்று கேட்டே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் அக்கா தங்கை மூன்று பேரும் அப்படித்தான் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் வந்தோம். எங்களுக்குக் கிடைத்த பங்கு, வாசல் கடையில் ஒரு டீ!

தலைக்கு இத்தனை கோடி வரை வரி இல்லை என்று சட்டம் வந்தால், மகளுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் வசதியான குடும்பங்களுக்கு லாபம். பேருக்கு எழுதி வைத்துவிட்டு, அனுபவிப்பது அண்ணன் தம்பிகளாகவும் இருக்கலாம்தான். ஆனாலும் பத்திரம் நம் பேரில் இருந்தால், நாளைக்குக் கேட்க ஒரு பிடி இருக்குமே!

ஒன்று மட்டும் கட்டாயம். கணவர் சொத்து மனைவிக்கு வரும்போது வரி கூடாது. குடியிருக்கும் வீட்டுக்கும், அம்மா விட்டுப்போன நகைக்கும் விலக்கு வேண்டும். கையில் ரொக்கம் இல்லாத பெண், புருஷன் போன துக்கத்தோடு வீட்டை விற்று வரி கட்டும் நிலை வரவே கூடாது. இதையெல்லாம் சேர்த்து எழுதினால், அந்தச் சட்டத்தை நான் வரவேற்பேன்.

நீங்க என்ன சொல்றீங்க தோழிகளே?

- ஒரு வாசகி, கும்பகோணம்.