வினைசெயல்வகை அறியாதார் கையில் விரைவுப்பொறி!

"பொறி எழுதித் தரும், நீ சொன்னாற் போதும்!" — இஃது இற்றைக் கணினித் தொழிலுலகில் எழுப்பப்பெறும் முழக்கம். செயற்கை நுண்ணறிவு எனப்படும் செய்யறிவுப் பொறியிடம் வேண்டியதைக் கூறிவிட்டுக் கைகட்டி அமர்ந்திருந்தால், அது மென்பொருள் நிரலை நொடிப்பொழுதில் யாத்துத் தந்துவிடுமாம். யாத்ததைப் படிக்க வேண்டாவாம்; முன்திட்டம் வேண்டாவாம்; ஆய்வு வேண்டாவாம். இதனினும் கேடான மயக்கம் வேறொன்று உண்டோ? பொறி தீதன்று, அதனை முறையின்றிக் கையாளுதலே தீது.

இம் மயக்கத்திற்கு ஒரு பெயரும் சூட்டப்பெற்றுள்ளது. 'வைபு கோடிங்கு' என்பர் ஆங்கிலர்; உளம்போன போக்கில் நிரலாக்கல் என்பது அதன் கருத்து. 2025 பிப்பிரவரியில் அச் சொல்லை ஆக்கியவர் ஆந்திரே கார்ப்பதி என்னும் செய்யறிவு வல்லுநர். காலின்சு அகரமுதலியார் அவ்வாண்டின் சொல்லாக அதனையே தேர்ந்தனர். ஆனால், சொல்லை ஆக்கியவரோ, ஓய்வுநாளில் செய்து பார்த்து எறிந்துவிடும் சிறு பணிகட்கு அம்முறை அத்துணைத் தீதன்று என்னும் அளவிலேயே நின்றார். அவர் நின்ற இடத்தில் நில்லாது, வைப்பகக் கணக்கிற்கும் மருத்துவமனை ஏட்டிற்கும் அதனை நீட்டிக்க முனைவோரை என்னென்பது!

விளைவு யாது? 2025 சூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர், இரெப்ளிட் நிறுவனத்தின் செய்யறிவு முகவரைக் கொண்டு மென்பொருள் ஒன்றை உருவாக்கி வந்தார். இசைவின்றி எதனையும் மாற்றலாகாது என்று அதற்குக் கட்டளையும் இட்டிருந்தார். எனினும், ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனத் தலைவர்தம் குறிப்புகள் அடங்கிய நடப்புத் தரவுக் களஞ்சியத்தை அப்பொறி அழித்துவிட்டது. அழிந்ததை மீட்க இயலாது என்றும் கூறிற்று. உண்மையிலோ மீட்க முடிந்தது. அந் நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, ஆக்கத்திற்குரிய களஞ்சியத்தையும் நடப்பிலுள்ள களஞ்சியத்தையும் தனித்தனியே பிரித்தமைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். அவ்விரண்டையும் பிரித்து வைத்தல் நேற்றுப் பிறந்த அறிவா? நிரலாளர் நெடுங்காலமாய்க் கைக்கொண்டுவரும் தொழில்நெறியன்றோ? வாயால் இட்ட கட்டளை வேலியாகாது. திறவுகோலையும் கையிற் கொடுத்துவிட்டுக் 'கதவைத் திறவாதே' என்பது காவலாகுமா?

நெறியின்மையால் வரும் கேடு செய்யறிவோடு தோன்றியதன்று. 1968-ஆம் ஆண்டிலேயே செருமனியின் கார்மிசு நகரில் வல்லுநர் கூடி, மென்பொருளாக்கத்தை ஒழுங்குபட்ட பொறியியலாக அமைத்தல் வேண்டும் என ஆராய்ந்தனர். 1996 சூன் 4 அன்று ஏரியேன் 5 என்னும் ஐரோப்பிய ஏவூர்தி, புறப்பட்டு ஏறத்தாழ 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியேன் 4-க்கென எழுதப்பெற்ற நிரற்பகுதி, புதிய ஊர்தியின் செலவிற்கு ஒவ்வுமா என்று முற்ற ஆயப்படாமலே அதில் ஏற்றப்பட்டிருந்தது. 16 இருமக்கூற்றில் அடங்காத எண்ணை அதனுள் அடக்க முயன்றபோது கணிப்பு முறிந்தது. கற்றறிந்த மாந்தர் எழுதிய நிரலுக்கே இந்நிலை எனின், எவரும் படித்துப் பாராத நிரலுக்கு எந்நிலை?

"விரைவு, விரைவு" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. மெட்ர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம், பட்டறிவு மிக்க நிரலாளர் 16 பேரை 246 பணிகளில் ஆய்ந்து, 2025 சூலையில் முடிவை வெளியிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்த கருவிகளைப் பயன்படுத்தியபோது அவர்கட்கு 19 விழுக்காடு மிகுதியான நேரம் பிடித்தது. அவர்களோ, பணி முடிந்த பின்னும், தாம் 20 விழுக்காடு விரைந்து முடித்ததாகவே நம்பினர்! கருவிகள் நாளும் வளர்வன, அவ்வெண்ணிக்கை மாறலாம். ஆயினும், விரைந்ததாய் உணர்தல் வேறு, விரைதல் வேறு என்னும் படிப்பினை மாறாது.

'வினைசெயல்வகை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். நிரலாக்க வினைக்கும் ஒரு செயல்வகை உண்டு.

ஒன்று: வேண்டுவதை ஐயமற எழுதுக. "பழைய கணக்குகளை நீக்கு" என்று பொறிக்கு ஆணையிடுகின்றான் ஒருவன். பழைமை எத்துணை ஆண்டு? கணக்கு என்பது வரவுசெலவா, பயனரின் பதிவா? நீக்கல் என்பது மறைத்தலா, அழித்தலா? இம் மூன்றனுள் எதனையும் அவன் வரையறுத்திலன். பொறியோ தானே ஒன்றைக் கொண்டு முடித்துவிடும்.

இரண்டு: நிரலைத் தொடுமுன் பொறியைத் திட்டம் வரையச் செய்க, அதனைப் படித்துத் திருத்துக. திருத்தியதை ஏட்டில் நிறுத்துக. நேற்றுப் பேசியது இன்றும் பொறியின் நினைவில் நிற்கும் என்று நம்பற்க.

மூன்று: வினையைச் சிறு கூறுகளாக்குக. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே பதிக; பிழைபடின் அம் மாற்றத்தை மட்டும் பின்வாங்க இயலும்.

நான்கு: ஆய்வுரைகளை முன்னரே வகுக்க. அவற்றைப் பொறி தன் விருப்பிற்கு மாற்றவிடற்க. தேர்வெழுதுவோனே வினாத்தாளைத் திருத்துவது தேர்வாகுமா?

ஐந்து: நிரலைப் படித்தறியவல்ல மாந்தர் ஒருவர் இசைந்தாலன்றி, எதுவும் நடப்பிற்குச் செல்லற்க.

"இவையெல்லாம் காலங்கடத்தும் பழம்போக்கு" என்று எள்ளுவர் சிலர். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதும் காலங்கடத்தலே! சிறுவர் கட்டும் மணல்வீட்டிற்குத் தூக்குக்குண்டு வேண்டா. பிறர் குடியிருக்கும் வீட்டிற்கு வேண்டும். தனக்கென ஒருவன் செய்துகொள்ளும் சிறு கருவியில் எம் முறையேனும் கொள்க. பிறர் ஊதியமும் நோய்க்குறிப்பும் அடங்கிய மென்பொருளில் அவ்வுரிமை எவர்க்கும் இல்லை.

இதனுள் பிறிதொரு கொடுமையும் உண்டு. நிரலைப் படித்துப் பிழைகாணும் பயிற்சியை இளைஞர்க்குத் தாராமல், "பொறியை ஏவு, நாளைக்குள் முடி" என்று விரட்டும் முதலாளி, பிழை நேர்ந்த அன்று பொறியைக் குற்றஞ்சாட்டுவானா? கீழிருக்கும் இளைஞனையே சுட்டுவான். பொறிக்குப் பழியில்லை, ஊதிய இழப்பில்லை, இரவெல்லாம் விழித்திருக்கும் துயரும் இல்லை. பழி சுமப்பவன் மாந்தன் எனின், இசைவு தரும் உரிமையும் அதற்குரிய பொழுதும் அவனுக்கே வேண்டும்.

ஆகவே, நிரற்றொழில் புகும் இளைஞர்காள்! பொறி தந்ததைப் படிக்காமல் ஒப்பாதீர்! படித்தும் விளங்காததற்குக் கையொப்பம் இடாதீர்! படிப்பதற்குரிய பொழுதை மறுக்கும் தலைமையிடம் அதனைத் தயங்காது கேளுங்கள்! அது சோம்பலன்று, தொழிலின் முதற்கடமை.