கிழங்கு அழுகியது, மக்கள் மாண்டது எதனால்?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் பங்கு மகள் ஒருத்தி தன் தந்தையுடன் வந்தாள். கையில் ஒரு தாள். அதில் இலக்கியம், அறிவியல், பொருளியல், சமூகவியல் என்னும் நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பதினைந்து பொருள்கள். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "எதை எடுக்கலாம், சுவாமி?" என்று கேட்டாள். தந்தையோ, "அறிவியலாகப் பார்த்துச் சொல்லுங்கள், சுவாமி. மற்றதெல்லாம் பிழைப்புக்கு உதவாது" என்றார். இந்த நம்பிக்கையை நம் பங்கில் அசைத்தவர் எவரும் இலர். நாமும் அன்று அசைக்க முற்படவில்லை.

தாளை வாசித்தோம். ஓரிடத்தில் பயிர் நோய்கள் என்றிருந்தது. மற்றோரிடத்தில் பஞ்சமும் சந்தையும். பிறிதோரிடத்தில் மக்கள் நாடு விட்டு நாடு பெயர்தல். இலக்கியத்தின் கீழ் அங்கத எழுத்து. "மகளே, இவை நான்கும் ஒரு நாட்டில் ஒன்றாகக் கூடியதுண்டு. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தைப் பற்றி எழுது" என்றோம். அயர்லாந்து என்றதும் தந்தையின் முகம் மலர்ந்தது. 1842-இல் அங்கிருந்து சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியரின் பள்ளியில் அவருடைய அன்னையார் பயின்றவராம். அக்கன்னியர் சென்னைக்கு வந்து சேர்ந்து மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களுடைய தாய்நாட்டில் நிகழ்ந்தது என்ன என்பதை அவர் கேள்விப்பட்டதில்லை.

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அது அயர்லாந்தை அடைந்தது. நல்ல நிலமும் அதில் விளைந்த தானியமும் நிலக்கிழாருடைய குத்தகைக்குப் போக, எஞ்சிய துண்டு நிலத்தில் கிழங்கு நட்டுக் குடியானவன் தன் குடும்பத்தைக் காத்தான். உழைக்கும் ஆள் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோ அளவுக்குக் கிழங்கு உண்டான் என்பர், தொட்டுக்கொள்ள மோர். 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் தொகை 81,75,124. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். ஏழைகள் பயிரிட்டதோ பெரும்பாலும் 'லம்பர்' என்னும் ஒரே வகை. கிழங்கைத் துண்டு போட்டு நடுவதால் ஒவ்வொரு செடியும் அதன் தாய்ச்செடியின் அச்சாகவே இருக்கும். ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

அந்நோய் 1845 செப்டம்பரில் வந்தது. இலைகள் கறுத்தன. தோண்டிப் பார்த்தால் கிழங்கு நாற்றமெடுத்துக் கூழாய்க் கிடந்தது. அவ்வாண்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாழாயிற்று. 1846-இல் ஏறத்தாழ முழுவதும் போயிற்று. ஈரப்பதம் மிகுந்ததால் செடிகள் அழுகின என்று அறிஞர் பலர் கருதினர். மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர், தாவர ஆராய்ச்சியில் வல்லவர், நுண்ணோக்கியால் பார்த்து, அழுகலுக்குப் பின் பூஞ்சை வரவில்லை, பூஞ்சையால்தான் அழுகல் என்று 1846-இல் எழுதினார். நம்பியவர் சிலரே. ஜெர்மானியரான ஆன்டன் டி பாரி 1861-இல் அதனைச் சோதனையால் நிறுவினார். பைட்டாப்தோரா என்று 1876-இல் பெயரிட்டவரும் அவரே. இன்றைய வகைப்பாட்டில் அது உண்மையான பூஞ்சை அன்று. பாசி இனங்களுக்கு நெருங்கிய உறவு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை 1880-களில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்து, பிறகு கிழங்கு வயல்களையும் காத்தது. நீலகிரியில் கிழங்கு பயிரிடும் நம் மக்கள் இக்கருகல் நோயையும் அறிவர், இம்மருந்தையும் அறிவர்.

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் தந்தை விரும்பிய அறிவியல் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அதே நோய் அதே ஆண்டில் பெல்ஜியத்தையும் ஹாலந்தையும் ஸ்காட்லாந்தையும் தாக்கிற்று. அங்கும் மக்கள் துன்புற்றனர், மாண்டோரும் உண்டு. எனினும் எட்டில் ஒருவர் சாகவில்லை. அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேலும் ஒரு பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். இந்த வேறுபாட்டை நுண்ணோக்கி காட்டாது.

பிரித்தானியப் பிரதமர் ராபர்ட் பீல் 1845 நவம்பரில் ஒரு இலட்சம் பவுண்டுக்கு அமெரிக்கச் சோளத்தை வாங்கிவர ஏற்பாடு செய்தார். அதனால் முதலாண்டில் பட்டினிச் சாவு பெரிதும் தடுக்கப்பட்டது. 1846-இல் அவர் பதவியிழந்தார். அடுத்து வந்த ரஸ்ஸல் ஆட்சியினரோ சந்தையில் அரசு கைவைத்தல் ஆகாது என்னும் கொள்கையினர். இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்று கூலி வேலை ஏற்படுத்தினர். எலும்பும் தோலுமாய் நின்றவர்கள் பனிக்காலத்தில் கல்லுடைத்துச் சாலை போட்டனர். 1847 மார்ச்சில் அத்தகையோர் ஏழு இலட்சம் பேருக்கு மேல். கூலி ஒரு கைப்பிடி மாவுக்கும் போதாமலிருந்தது. பிறகு அவ்வாண்டுக் கோடையில் கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் உண்டனர்; சாவு குறைந்தது. மக்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இலையுதிர்காலம் வருமுன் அவற்றை மூடிவிட்டார்கள். இனி அந்தந்த வட்டாரத்து வரிப்பணத்தைக் கொண்டே ஏழைகளைக் காக்கட்டும் என்று சட்டம் செய்தனர். அச்சட்டத்திலே ஒரு விதி: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை. நம் கணக்கில் இருபத்தைந்து சென்ட். கஞ்சி வேண்டுமானால் நிலத்தைக் கைவிட வேண்டும். கைவிட்டால் வீடும் போயிற்று.

கப்பல் கப்பலாகத் தானியத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பல நூல்களில் காணலாம். நம் மாணவியும் கைப்பேசியில் அதனையே முதலில் கண்டெடுத்தாள். ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் ஏற்றுமதியானது மெய். ஆனால் 1847-இல் இறக்குமதியான தானியம் ஏற்றுமதியானதைவிட மிகுதி என்பதும் மெய். துறைமுகத்தில் சோள மூட்டை இருந்தது. வாங்குவதற்குக் குடியானவனிடம் காசு இல்லை. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாய் நேரில் கண்ட அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியது இதைத்தான்: உணவு இருந்தும், அதைப் பெறும் வலிமை இல்லாதவர்கள் மாள்கிறார்கள். 1998-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நம் வீடுகளில் பலரும் பெருமைப்பட்டோம். நூலைப் படித்தவர் எத்தனை பேரோ. இன்னொரு கணக்கும் அவள் குறித்துக்கொண்டாள். பஞ்ச நிவாரணத்துக்கு இலண்டன் கருவூலம் செலவிட்டது, கடனாகத் தந்ததையும் சேர்த்து, ஏறத்தாழ எண்பது இலட்சம் பவுண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அடிமைகளை விடுவித்தபோது அடிமைகளின் எசமானர்களுக்கு அதே அரசு ஒதுக்கிய ஈட்டுத்தொகை இரண்டு கோடிப் பவுண்டு.

இலக்கியத்துக்கு வருவோம். பஞ்சத்துக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, 1729-இல், டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த ஜோனதன் ஸ்விப்ட் ஒரு சிறு நூல் எழுதினார். ஏழைகளின் கைக்குழந்தைகளைச் செல்வர்களின் உணவுக்கு விற்றால் நாட்டின் வறுமை தீரும் என்று, கணக்குப் புலிகளின் குரலிலேயே, சிரிக்காமல் யோசனை கூறும் நூல் அது. அதைப் படித்த மாணவி நம்மிடம் வந்து, "ஒரு குருவானவர் இப்படி எழுதலாமா, சுவாமி?" என்று கலங்கினாள். அங்கதம் என்றால் என்ன என்பதை அப்போதுதான் அவள் உணர்ந்தாள். மனிதரை எண்ணாகப் பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஸ்விப்ட் முன்கூட்டியே கண்டார்.

உதவியவர்களையும் சொல்ல வேண்டும். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1847 மார்ச் 25-இல் சுற்றுமடல் விடுத்து, அயர்லாந்துக்காகச் செபிக்கவும் காணிக்கை திரட்டவும் உலகத் திருச்சபையைக் கேட்டுக்கொண்டார். கல்கத்தாவிலிருந்தும் நன்கொடை சென்றது. அமெரிக்கச் செவ்விந்தியருள் சாக்டா இனத்தார், தம் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், தங்களுக்குள் பிரித்து 170 டாலர் அனுப்பினர். நம் பங்குகளில் இன்றும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை டப்ளினில் தொடங்கப்பட்டது 1844-இல். அதற்குப் பெருவேலை காத்திருந்தது. மதம் மாறினால் கஞ்சி என்று சொன்னவர்களும் சில இடங்களில் இருந்தனர். அக்குற்றச்சாட்டு நம் நாட்டில் எவர் மீதெல்லாம் சுமத்தப்படுகிறது என்பதை நினைத்து, இதனை வேகமாகக் கடந்து செல்லாமல் சற்று நின்று எண்ணுவது நமக்கு நல்லது. அயர்லாந்துத் தீவின் மக்கள் தொகை இன்றும் 1841-இல் இருந்த அளவை எட்டவில்லை.

கட்டுரை இந்த அளவோடு முடிந்திருக்கும். ஆனால் மாணவி ஒரு பெயரில் நின்றுவிட்டாள். அக்காலத்தில் இலண்டன் கருவூலத்தில் நிவாரணப் பொறுப்பை வகித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். அவர் 1848-இல் பஞ்சத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இப்பேரிடரை ஞானமும் இரக்கமும் நிறைந்த தெய்வ பராமரிப்பின் செயலாகக் கண்டு, பழைய சீர்கேடுகளைத் தீர்க்க வந்த மருந்தாகவே எழுதினார். இவர் கொடியவர் என்று சொல்லிவிட்டால் எளிது. பின்னர் 1859-இல் இவரே சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். மக்கள் மீது புதிய வரிகள் விதிப்பதை எதிர்த்து, அந்த எதிர்ப்பைப் பகிரங்கப்படுத்தியதால் 1860-இல் திருப்பியழைக்கப்பட்டார். கடமை தவறாதவர், கடவுளை நம்பியவர். ஆனால் அவர் பிடித்திருந்த கொள்கை அவருக்குப் பின்னும் நம் மண்ணில் நின்றது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது போதாது என்று மருத்துவர் கார்னிஷ் சென்னையில் போராட வேண்டியிருந்தது.

"அப்படியானால் தெய்வ பராமரிப்பு என்று அவர் எழுதியது தவறா, சுவாமி? நீங்களும் பூசையில் அப்படித்தானே சொல்கிறீர்கள்?" என்று மாணவி கேட்டாள். தந்தை அவளை அதட்டினார். நாம் தடுத்தோம்.

குருமடத்தில் தெய்வ பராமரிப்பைப் பற்றி நாம் ஓராண்டு படித்தோம். இறைவன் தீமையை விரும்புவதில்லை, அனுமதிக்கிறார் என்ற வேறுபாட்டைத் தேர்வில் நன்றாகவே எழுதினோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது பணியாற்றிய பங்கில், இரண்டு வயதுக் குழந்தை வயிற்றுப்போக்கால் மாண்டது. அயர்லாந்திலும் பெரும்பாலோரைக் கொன்றது வெறும் பட்டினியன்று. காய்ச்சலும் வயிற்றுக் கடுப்புமே. அடக்கத்தன்று அத்தாயிடம் நாம், "மகளே, இது இறைவனின் திருவுளம். அவர் தந்தார், அவரே எடுத்துக்கொண்டார்" என்றோம். பலமுறை சொல்லிப் பழகிய வார்த்தை. அவள் அழவில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்து, "சாமி, எங்க தெருக் குடிதண்ணிக் குழாய் சாக்கடைக்குள்ள ஓடுது. ஆறு மாசமா ஒடஞ்சு கெடக்கு. எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தோம். அதையும் அவர்தான் ஒடைச்சாரா?" என்று கேட்டாள்.

அக்குழாய் உடைந்து கிடந்ததை நாமும் அறிவோம். அத்தெருவழியேதான் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோவோம்.

மாணவி இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு தாளின் அடியில், நான்கு பிரிவுகளுக்கும் கீழே, ஐந்தாவதாக 'இறையியல்' என்று எழுதிக்கொண்டாள். பேராசிரியர் அதற்கு மதிப்பெண் தருவாரோ மாட்டாரோ என்று தந்தைக்குக் கவலை. கட்டுரை வரும் வாரம் கொடுக்கப்பட வேண்டும். திருத்திப் பார்ப்பதற்காக நம்மிடம் தந்திருக்கிறாள். டிரெவெல்யனைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்தக் குழாயைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்திருக்கிறாள். அடித்ததை நீக்கிவிடச் சொல்லலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.