ரகசியச் சாவி வாட்ஸ்அப்பில் வரலாமா?

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். 2020 ஊரடங்குக்குப் பிறகு, இங்கே சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் மாடியறையில் உட்கார்ந்தே வெளியூர் அலுவலக வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரசு வேலையை ஒப்பந்தத்தில் செய்யும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அலுவலக சர்வருக்குள் நுழைய அவர்களுக்கு ஒரு விபிஎன் ஃபைல் வருகிறது. அது வரும் வழிதான் என் கவலை. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபைல். அடுத்த மெசேஜில் பாஸ்வேர்டு. லேப்டாப் மக்கர் செய்தால் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இறக்குகிறார்கள். வேலை முடிந்து கிளம்பிய பிறகும் அந்த ஃபைல் கடையிலேயே கிடக்கிறது.

ஓபன்விபிஎன் என்ற மென்பொருளுக்கான ஃபைலை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். சர்வர் முகவரி, சான்றிதழ், பயனரின் ரகசியச் சாவி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். சாவிக்குப் பாஸ்வேர்டு போடாமல், நுழையும்போது ஓடிபியும் கேட்காமல் விட்டால், ஃபைல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஊழியர். மெசேஜை அழித்தாலும் ஃபார்வர்டு ஆன பிரதிகள் அழியாது.

2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் நின்றுபோனது. கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி அந்தக் குழாயில்தான் போகிறது. யாரும் பயன்படுத்தாத, ஆனால் மூடாமல் விட்ட ஒரு விபிஎன் கணக்கு வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். பாஸ்வேர்டுக்கு மேல் அங்கே வேறு காவல் இல்லை. நிறுவனம் அவர்களுக்குப் பிணைத்தொகையாக 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது.

நம் நாட்டிலும் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் ஆணையிட்டது: இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் இவை திருட்டு நடந்த பிறகு உதவுபவை.

நான் கேட்பது, ரகசியச் சாவியை யாரும் யாருக்கும் அனுப்பவே கூடாது என்ற ஓர் ஆணை. ஊழியரின் கம்ப்யூட்டரிலேயே சாவி உருவாகட்டும். சான்றிதழ் கோரிக்கை மட்டும் அலுவலகத்துக்கு வரட்டும். கையொப்பமிட்ட சான்றிதழ் திரும்பிப் போகட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் என்றால் பொதுச் சாவியை அனுப்பினால் போதும். அதை ஊரே பார்த்தாலும் ஆபத்தில்லை. பொதுச் சாவி முறையை டிஃபியும் ஹெல்மனும் 1976-லேயே எழுதிவிட்டார்கள். இதற்குப் புதிய டெண்டர் எதுவும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் அதிகம் பழகாத ஊழியருக்கு இது சிரமம் என்பார்கள். நியாயம்தான். அவருக்கு மட்டும் விதிவிலக்காக, லாகின் செய்து எடுக்கும் தளத்தில், ஃபைலை ஒரு தடவை திறந்ததும் செத்துப்போகும் லிங்க்காகக் கொடுக்கலாம். சாவியின் பாஸ்வேர்டைப் போனில் பேசிச் சொல்லலாம். ஆனால் ஒரே ஃபைலைப் பத்துப் பேருக்குப் பகிர்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். ஒருவர் விலகும்போது அவர் சான்றிதழை மட்டும் ரத்து செய்ய வழியே இல்லாமல் போகும்.

திருச்சி மாவட்டத்திலிருந்தே தொடங்குங்கள். ஒப்பந்தம் முடிந்து போனவர்களின் விபிஎன் சான்றிதழ்களில் எத்தனை இன்னும் செல்லுபடியாகின்றன என்று ஒவ்வோர் அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம்வாசி ஒருவர்