கிளிநொச்சிக் குளத்தைச் சுற்றி நடக்க ஒரு பாதை கேட்கிறோம்



பதிவு கொஞ்சம் நீளம். ஊர்க்காரர் நேரம் எடுத்து வாசித்து, சரி பிழையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

"நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வட்டக்கச்சியில் அசர் தொழுகைக்குப் பிறகு வாய்க்கால் கரையோரம் நடக்கப் போகும் சில குடும்பங்கள் நாங்கள். படிப்பிக்கிறவர்கள், கமம் செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறோம். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறோம். கிளினிக்கில் "சீனி கூடிப் போச்சு, கட்டாயம் நடவுங்கோ" என்று சொல்லிவிட்டதால் முதலில் இரண்டு பேர் நடக்கத் தொடங்கினார்கள். பிறகு வீட்டுக்காரிமார் வந்தார்கள். பிள்ளைகள் சைக்கிளோடு வந்தார்கள். முழங்கால் நோவோடு ஒரு மூத்தம்மாவும் வந்து சேர்ந்தார்.

அந்தக் கூட்டம் இப்போது குறைந்துவிட்டது. மண் ஏற்றிய ரிப்பர் வரும்போது பிள்ளையையும் இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிற பொடியன்கள் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டுப் போகிறார்கள். ஒரு நாள் எங்களில் ஒருவரின் மகள் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் சரிந்தாள். தண்ணீர் குறைவு, அல்ஹம்துலில்லாஹ், முழங்கால் உரசியதோடு போயிற்று. அன்றோடு மூன்று குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன. மூத்தம்மா இப்போது வீட்டு முற்றத்துக்குள் நடக்கிறார். கிணற்றடியிலிருந்து படலை வரை, படலையிலிருந்து கிணற்றடி வரை.

அதனால்தான் கேட்கிறோம்: கிளிநொச்சி நகரத்தில் ஏ9 வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளிநொச்சிக் குளத்தைச் சுற்றிக் குடும்பமாக நடக்கக்கூடிய ஒரு பாதை வேண்டும்.

"இரணைமடு இருக்கிறதே, அதன் கட்டில் நடக்கலாம்தானே" என்று சிலர் கேட்பார்கள். இரணைமடு எங்கள் எல்லாருக்கும் சோறு போடும் குளம். 1902 இல் வேலை தொடங்கி ஏறக்குறைய இருபது வருடத்தில் முடிந்தது, பிறகு பல முறை கட்டு உயர்த்தப்பட்டது. வட்டக்கச்சி இன்று வயலாக இருப்பது அந்தத் தண்ணீரால்தான். ஆனால் அது சுற்றி நடக்கும் குளம் இல்லை. அவ்வளவு பெரியது. பின்பக்கம் காடு. கட்டில் நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். பாதி வழியில் கால் சோர்ந்தால் சோர்ந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

வட்டமாக இருக்கும் பாதை வேறு மாதிரி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். நடக்க ஏலாத மூத்தம்மா தொடங்கும் இடத்தில் வாங்கில் இருக்கலாம். மகள் ஒரு சுற்றுப் போய் வருவாள், பேரப்பிள்ளை இரண்டு சுற்று ஓடி வருவான். யாரும் யாரையும் தேடிப் போகத் தேவையில்லை. அளவும் தெரியும். சாதாரணமாக நடக்கும் ஒருவர் அரை மணித்தியாலத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் போவார். வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. அரை மணித்தியாலப்படி ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. பிள்ளைகளுக்கோ நாளுக்கு 60 நிமிடம். ரியூசனுக்கும் ஃபோனுக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அறுபது நிமிடம் எங்கே கிடைக்கிறது? இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று 2008 இலேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. கிளினிக்கில் மருந்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் ஆரியகுளம். களை மூடி, குப்பை நிறைந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன குளம். மாநகர சபை ஓர் அறக்கொடை அமைப்பின் நிதியோடு அதைத் திருத்தி, சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் போட்டு 2021 டிசெம்பரில் திறந்தது. சின்னக் குளம்தான். ஆனாலும் பின்னேரங்களில் அங்கே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எங்கள் சனத்துக்கு நடக்க விருப்பமில்லை என்று யாரும் சொன்னால் ஆரியகுளத்தைக் காட்டலாம்.

கண்டிக் குளத்தை ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1807 இல் கட்டினான். சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். இருநூறு வருடத்துக்குப் பிறகும் விடிய எழும்பி ஆட்கள் அதைச் சுற்றி நடக்கிறார்கள். அங்கே நிழல் உண்டு. ஆனால் வாகன வீதியும் கரையோடு ஒட்டியே போவதால் புகையையும் சேர்த்துத்தான் சுவாசிக்க வேண்டும். நுவரெலியாவில் 1873 இல் தேசாதிபதி கிரகரி காலத்தில் உண்டான வாவியும் அழகுதான். ஆனால் அந்தப் பூங்காவுக்குள் போக ரிக்கற் வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை சுற்றுலா போகிறவர்களுக்கு அது பரவாயில்லை. கிழமையில் ஐந்து நாள் நடக்கப் போகிற கூலித் தொழிலாளி ரிக்கற் எடுக்க மாட்டார்.

எங்களுக்கு மிக அருகில் உள்ள பாடம் வவுனியா. நகரக் குளத்தின் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிப் பூங்கா அமைத்தார்கள். குளத்தைக் காப்பாற்றுங்கள் என்று மக்கள் வீதிக்கு இறங்கவேண்டி வந்தது. குளத்தைப் பார்க்க வருபவர்களுக்காகக் குளத்தையே சுருக்குவது என்ன நியாயம்? அப்படி ஒரு பாதை கிளிநொச்சியில் வருவதாக இருந்தால் எங்களுக்கு வேண்டாம்.

ஆகவே பாதை கேட்கும்போதே எப்படிப்பட்ட பாதை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று: குளத்துக்குள் ஒரு கியூப் மண்ணும் போடக் கூடாது. கட்டு உள்ள பக்கம் கட்டால் போகலாம். அலைகரைப் பக்கம் உயர் நீர்மட்டத்துக்கு வெளியால் பாதை போகட்டும், வட்டம் கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை. மாரியில் சில வாரம் ஒரு பகுதியை மூடி வைக்கவும் தயாராக இருப்போம். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்ட இரவை மறந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? தண்ணீருக்கு விட்ட இடத்தை நாங்கள் எடுத்தால், அது எங்கள் இடத்தை எடுக்கும்.

இரண்டு: கொங்கிறீற்று வேண்டாம். நன்றாக இறுக்கிய கிரவல் போதும். சில்லுக் கதிரையும் பிள்ளை வண்டியும் உருளும் அளவுக்கு மட்டமாக இருந்தால் சரி. யுத்தத்தில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் எங்களோடு வாழ்கிறார்கள்! அவர்கள் போக முடியாத பாதையைப் பொதுப் பாதை என்று சொல்லக் கூடாது.

மூன்று: நிழல் வேண்டும், ஆனால் கட்டின் மேல் பெரிய மரம் நடக் கூடாது. வேர் கட்டைப் பலவீனமாக்கும். கட்டுக்குக் கீழே தள்ளி மருது, வேம்பு, புங்கை நடலாம். எங்கே நடலாம் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சொல்லைக் கேட்டு நடுவோம்.

நான்கு: பெண்களுக்காகச் சில விடயங்கள். மஃரிப் நேரத்துக்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் எரியும் விளக்கு. சுத்தமான மலசலகூடம். வாசலில் மோட்டார் சைக்கிள் நுழைய முடியாதபடி கம்பம், ஆனால் சில்லுக் கதிரை போகும் இடைவெளி. இவை இல்லாவிட்டால் அது ஆம்பிளைகளின் பாதையாகத்தான் முடியும்.

ஐந்து: முதலை பற்றிய அறிவிப்புப் பலகையும் துருசடியில் வேலியும். பிள்ளைகளைக் கூட்டி வரும் இடத்தில் இதை ஒரு அனர்த்தம் நடந்த பிறகு யோசிக்கக் கூடாது.

ஆறு: ரிக்கற் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம். எந்தச் சமயத்தின் சின்னமும், எந்தக் கட்சியின் நிறமும் வேண்டாம். பள்ளிவாசல் சார்பில் ஒரு பலகை வைப்போமா என்று எங்கள் ஆட்கள் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

இதற்கு வரும் மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும்.

"வீட்டுத்திட்டம் முடியாத சனம் இருக்குது, கோடையில் கிணறு வத்துது, உங்களுக்கு நடைபாதையோ?" இந்தக் கேள்வி நியாயமானது. நாங்கள் பல கோடி ரூபாய்ப் பூங்கா கேட்கவில்லை. நீரூற்று வேண்டாம், படகு வேண்டாம், வளைவு வேண்டாம். கிரவல், வாங்கு, விளக்கு, மலசலகூடம், இவ்வளவுதான். காசுள்ளவர் வீட்டுக்குள் நடக்கிற மெசின் வாங்கி வைப்பார். இல்லாதவருக்குத்தான் பொதுப் பாதை தேவை.

"குளம் கமத்துக்கு, உலாத்துறதுக்கு இல்லை" என்று கமக்காரர் சொல்வார்கள். எங்களிலும் கமக்காரர் இருக்கிறார்கள். குளத்தின் முதல் உரிமை பயிருக்கும் குடிநீருக்கும்தான். நகரத்துக் குழாய்க்கும் இந்தக் குளத்துத் தண்ணீர்தான் போகிறது. அதனால்தான் அந்தக் கரையில் நாளாந்தம் ஆட்கள் நடக்க வேண்டும் என்கிறோம். ஆள் நடமாட்டம் இல்லாத கரையில்தான் இரவில் சொப்பிங் பைகளும் கோழிக் கழிவும் வந்து விழுகின்றன. ஆள் பார்க்காத அலைகரையில்தான் வேலி ஒவ்வொரு வருடமும் ஒரு முழம் உள்ளே போகிறது. தினமும் நூறு குடும்பம் சுற்றி வந்தால் அந்த நூறு குடும்பமும் குளத்துக்குக் காவல்.

தேங்கி நிற்கும் தண்ணீரையும், ஆட்கள் போகும் பாதையையும், அவர்கள் இளைப்பாறும் நிழலையும் அசுத்தப்படுத்தக் கூடாது என்று எங்கள் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வீதியில் இருப்பவர்கள் வீதிக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்த வேண்டும், சலாத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குளக்கரைப் பாதைக்கு இதைவிட நல்ல ஒழுங்குவிதி எந்தச் சபையும் எழுத முடியாது. வேறு சமயத்தவர்களும் தங்கள் வழியில் இதையேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு விடயமும் மனதில் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு எங்கள் நகரத்தைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். விழுந்து கிடந்த நீர்த்தாங்கியைப் பார்த்தார்கள், நினைவுத் தூபியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஏ9 ஆல் போய்விட்டார்கள். அவை எல்லாம் வந்து பார்த்துப் போகிறவர்களுக்கு. இங்கேயே இருக்கிற எங்களுக்குக் கடை, கிளினிக், பாடசாலை, கந்தோர் தவிர ஒருவரை ஒருவர் சந்திக்க இடம் எங்கே?

எங்கள் சனத்துக்கு நடை புதிதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். 2008 இன் கடைசியிலும் 2009 இலும் இந்த மண்ணின் தமிழ்ச் சனம் கிழக்கு நோக்கி நடந்தது. யாருடைய நடை கூட வலித்தது என்று நாங்கள் அளக்க வரவில்லை. இரண்டு நடையிலும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவோமா என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. திரும்பி வந்தவர்களும் திரும்பி வந்தவர்களும் இப்போது ஒரே ஊரில் இருக்கிறோம். பின்னேரத்தில் பிள்ளைகளோடு ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, கச்சான் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் இது. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்கு, விருப்பமுள்ளவர்கள் கிளிநொச்சிக் குளக்கட்டுக்கு வாருங்கள். கூட்டமோ ஊர்வலமோ இல்லை. எங்கே நடக்கலாம், எங்கே வழி அடைபட்டிருக்கிறது, எங்கே தண்ணீர் ஏறும் என்று நடந்து பார்த்துக் குறிப்போம். அந்தப் பக்கத்துக் கமக்காரரிடமும் குடியிருப்பவர்களிடமும் பேசுவோம். குறித்ததைப் படமாகக் கீறி, கையெழுத்தோடு கரைச்சிப் பிரதேச சபைக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கொடுப்போம். பாதை வந்தால் மாதத்தில் ஒரு நாள் சிரமதானம் எங்கள் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். ஆறு மாதம் கழித்து விளக்கு எரியாத நாளிலும் வந்து கேட்கிறவர்கள்தான் பாதையின் சொந்தக்காரர்.

மூத்தம்மாவிடம் இந்தப் பதிவை வாசித்துக் காட்டினோம். "வாங்கு போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். போடுவார்கள், இன்ஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கிறோம்.

பிழை இருந்தால் திருத்துங்கள். விருப்பம் இருந்தால் ஞாயிறு வாருங்கள்.