கோபால்ட் எத்தனை மணி நேரம் வரும்?

"வினையூக்கி தான் மாறாமல் வினையின் வேகத்தைக் கூட்டும்." நண்பர்களே, இதை மனப்பாடம் பண்ணி 2 மார்க் வாங்காதவர் நம்மில் யார்? நானும் வாங்கினேன். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

எத்தனாலையும் நீராவியையும் 500 டிகிரி செல்சியஸ் பக்கம் கோபால்ட் மேல் செலுத்தினால் ஹைட்ரஜன் வரும். கணக்குப்படி 1 எத்தனால் மூலக்கூறும் 3 நீர் மூலக்கூறும் சேர்ந்தால் 6 ஹைட்ரஜன், 2 கார்பன் டை ஆக்சைடு. கார்பன்-கார்பன் பிணைப்பை உடைப்பதில் கோபால்ட் கெட்டிக்காரன். ரோடியம் அதைவிடக் கெட்டி. விலை கேட்டால்தான் தலை சுற்றும்.

அதனால் மலிவான கோபால்ட்டே போதும் என்கிறோம். அங்கேதான் இடிக்கிறது. அம்மாவின் விறகடுப்புச் சட்டி மாதிரி அதன் மேலும் கரி படிகிறது. சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, வேலை செய்யும் பரப்பு குறைகிறது. கோபால்ட்டைத் தாங்கும் பொருளும் சும்மா இருப்பதில்லை. அமிலத்தன்மையுள்ள அலுமினா, எத்தனாலிலிருந்து தண்ணீரைப் பிடுங்கி எத்திலீன் ஆக்கிவிடும். எத்திலீன் வந்தால் கரி வந்த மாதிரிதான். சீரியம் ஆக்சைடு நல்ல பிள்ளை. தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியை அகற்றும், குறைந்ததை நீராவியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எழுத்து தெரியாத அப்பா மண்வெட்டி வாங்கப் போனால் விலைக்கு முன்னால் கேட்பது, "எத்தனை வருஷம் வரும்?" இந்தக் கேள்வியையும் பரீட்சையில் கேட்கலாமே என்று வகுப்பில் சொன்னேன். "சிலபஸ்ல இல்லியேப்பா" என்றார் ஆசிரியர். சேர்த்தால் என்ன?