கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போக ஆட்டை விற்க வேண்டுமா?

கேள்வி: "என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தேர்வு விடுமுறையில், மார்கழி மாதம், நண்பர்கள் மூன்று பேருடன் கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிளில் போகப் போகிறானாம். கியர் சைக்கிள், அதற்கான பை, கூடாரம், உடுப்பு எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் ஆகும் என்கிறான். எங்களிடம் பதினான்கு ஆடுகள் இருக்கின்றன. நான்கு சினையாட்டைச் சந்தையில் விட்டால் பணம் தேறிவிடும். விற்கலாமா? பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் கொட்டகையில் சும்மாதான் கிடக்கிறது." - ஒரு வாசகி, மேச்சேரி.

பதில்: விற்க வேண்டாம். கொட்டகையில் கிடக்கும் சைக்கிளே கன்னியாகுமரி போய்ச் சேரும். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் போகாது. அதற்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றுக்குச் செலவும் உண்டு. அது நான்கு சினையாட்டின் விலை அல்ல.

முதலில் ஆட்டுக் கணக்கு. மேச்சேரி செம்மறி பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். சினைக்காலம் ஐந்து மாதம். சினையாட்டை விற்கும்போது தாயோடு வயிற்றில் இருக்கும் குட்டியும் போகிறது. அடுத்த ஈற்றும் போகிறது. பதினான்கில் நான்கு போனால் மந்தை பழைய நிலைக்கு வர இரண்டு வருடமாவது பிடிக்கும். கை முடையாகி எதையாவது விற்றே தீர வேண்டும் என்றால் கிடாக்குட்டிகளை விற்கலாம். பல் விழத் தொடங்கிய கிழட்டு ஆட்டைக் கழிக்கலாம். பெட்டையில், அதுவும் சினையில், கை வைப்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது போலத்தான். இந்த இனத்தைக் காப்பதற்கென்றே 1978 முதல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது என்பது மேச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி சைக்கிள். நெடும்பயணத்துக்கு விலை கூடிய வண்டி வேண்டும் என்ற எண்ணம் விளம்பரத்தைப் பார்த்து வந்தது. 1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். அவருடைய வண்டிக்கு முன்சக்கரம் மிகப் பெரியது. செயின் கிடையாது, காற்றடைத்த டயர் கிடையாது. மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி, இவ்வளவுதான் மூட்டை. வழியில் நம் நாட்டில் பஞ்சாபிலிருந்து கல்கத்தா வரையிலும் ஓட்டினார். 1886 கடைசியில் ஜப்பானில் பயணத்தை முடித்தார். 1923-இல் பம்பாயிலிருந்து இளைஞர்கள் சிலர் புறப்பட்டார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ரஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் உலகத்தைச் சுற்றிவிட்டு 1928-இல் ஊர் திரும்பினார்கள். 1977-இல் ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா டெல்லியில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, வழியெல்லாம் ஆட்களைப் படம் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். நான்கு மாதத்துக்கு மேல் ஆனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் பலர் அதையே விரும்பினார்களாம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாக வந்தார்கள். கல் உடைப்பவர்களும் பூக்கட்டுபவர்களும் கூலிவேலை செய்பவர்களும் எந்த வண்டி கிடைத்ததோ அதில்தான் ஏறினார்கள்.

விலை கூடிய கியர் சைக்கிளில் பலன் இல்லை என்று சொல்வதற்கில்லை. எடை குறைவு, ஏற்றத்தில் முழங்காலுக்குச் சுகம். ஏற்காட்டு மலை ஏறுவதென்றால் கியர் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் இந்தப் பயணம் ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், திருநெல்வேலி என்று போவது. சுமார் 500 கிலோமீட்டர், பெரும்பாலும் சமவெளி. இன்னொன்று: கியர் மாற்றும் கருவி வளைந்தாலோ டிஸ்க் பிரேக் மக்கர் செய்தாலோ பெரிய ஊர் வரும்வரை தீர்வு கிடைக்காது. சாதாரண வண்டிக்கு ஒரு பெடல் உடைந்தால், ஸ்போக்ஸ் அறுந்தால், கயத்தாற்றிலும் கடை இருக்கும், கோவில்பட்டியிலும் கடை இருக்கும்.

கொட்டகைச் சைக்கிளை ஓவராயில் பார்க்கும் கடைக்காரரிடம் விட வேண்டும். ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த குண்டை மாற்றிப் புதுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ரிம்மில் பெண்டு எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியின் டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு டயர், இரண்டு டியூப் புதிதாகவே போட்டுவிடலாம். அளவு டயரிலேயே பொறித்திருக்கும். பிரேக் கட்டை நான்கும், பிரேக் கம்பியும் புதிது. செயின் நீண்டு தொங்கினால் மாற்ற வேண்டும். அதற்குப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் ஊரில் உண்டு; மண் ஒட்டி அரைத்துத் தின்றுவிடும். தையல் மெஷின் எண்ணெய் போல இளகிய எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த வண்டி. அதற்குப் பிறகு பையன் வளர்ந்திருப்பான். சீட்டின் உயரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் இரண்டாம் நாளே முழங்கால் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். சீட்டுக் கம்பியைத் தூக்கியும் எட்டாத அளவுக்கு வளர்ந்திருந்தால் அந்த வண்டி அவனுக்கு ஆகாது. உறவினர் வீட்டில் பெரிய அளவு வண்டி இருந்தால் இரவல் வாங்கலாம். இல்லாவிட்டால் பழைய சைக்கிள் ஒன்று பார்க்கலாம்.

பை பற்றி. பால்காரர் கேனை எப்படி மாட்டுகிறார்? கேரியருக்கு இரண்டு பக்கமும், சம எடையாக, தாழ்வாக. வெளிநாட்டுப் பயணப் பையும் அதே அமைப்புதான். உரச்சாக்கை வெட்டித் தைத்த இரண்டு பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, கட்டுவதற்குப் பழைய டியூப் நறுக்கு இரண்டு. முதுகில் மாட்டும் பை மட்டும் வேண்டவே வேண்டாம். தோளும் முதுகும் விட்டுப் போகும். மொத்தச் சுமை எட்டு, பத்து கிலோவுக்குள் நிற்கட்டும். இரண்டு மாற்றுடை, போர்வை, தார்ப்பாய்த் துண்டு. மார்கழியில் தெற்கே மழை இருக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் எடப்பாடிக் காவடிக்காரர்கள் கூடாரமா தூக்கிப் போகிறார்கள்? கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் கேட்டுப் படுத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு பம்பு, ஒட்டுப்போட ரப்பர், சொல்யூஷன், வால்டியூப், ஸ்பேனர், ஆளுக்கொரு உபரி டியூப் போதும். பஞ்சர் ஒட்ட நான்கு பேருக்கும் கை பழக வேண்டும்.

காசைச் சுருக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. நான்குவழிச் சாலையில் லாரி போகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். தலைக்கவசம், பின்னால் எரியும் சிவப்பு விளக்கு, முன் விளக்கு, மட்கார்டிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர். இவை தரமானதாக இருக்க வேண்டும். அணுகுசாலை இருக்கும் இடமெல்லாம் அதில்தான் போக வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்று நான்கு பேரும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் தாயார் கண்டிப்பாக இருக்கலாம், தவறில்லை.

ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் என்று வைத்தால் எட்டு நாள். விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் பாதி தூரம் முடித்து, வெயிலில் படுத்து, மாலை மீதி. திரும்பும்போது ரயிலில் சைக்கிளைச் சரக்காகப் பதிவு செய்து ஏற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவையும் முன்கூட்டியே எடுத்து வைக்கட்டும். ஓவராயில், டயர், விளக்கு, தலைக்கவசம், உபரி டியூப் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் அடங்கும். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். ஒரு கிடாக்குட்டி விற்ற காசு அதற்குக் கை கொடுக்கும்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு முழுச் சுமையையும் கட்டிக்கொண்டு ஒருநாள் மேட்டூர் அணைக்குப் போய்த் திரும்பட்டும். அடுத்த வாரம் ஓமலூர் வழியாகச் சேலம் போய்த் திரும்பட்டும். எந்த மூட்டை ஆடுகிறது, எங்கே வலிக்கிறது, எந்தச் சாமான் பையிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வெளியே எடுக்காததை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பலாம்.