‘நோக்கம்: கல்வி’ என்று கையெழுத்திட்டவருக்கு

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

ஐந்து கல்வி வலயங்கள் உள்ள இந்த மாவட்டத்தில் நீங்கள் எந்த வலயத்துக்குப் பொறுப்பு என்பதை இங்கே எழுதவில்லை. எங்கள் பாடசாலையின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் அதிபரைப் பிடிப்பீர்கள், அதிபர் வகுப்பாசிரியரைப் பிடிப்பார், கடைசியில் என் மகள்தான் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டி வரும். கடிதம் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

இதே விசயத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தாளில் முறைப்படி எழுதினோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். பொதுமக்கள் தினத்தில் வந்து உங்கள் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தோம். ‘பார்க்கிறேன்’ என்றீர்கள். பார்த்ததாகத் தெரியவில்லை. இனி ஊரும் சேர்ந்து பார்க்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

கல்விச் சுற்றுலாவுக்கு என்னென்ன விதி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றறிக்கைகள் உங்கள் மேசையைத் தாண்டித்தான் எங்களிடம் வருகின்றன. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன விடுமுறையில் எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் கூட்டிப்போக அனுமதி கொடுத்தீர்கள். பெண்பிள்ளைகள் போவதால் தாய்மார் சிலரும் வர வேண்டும் என்றார்கள். நானும் போனேன். ஆகவே இது கேள்விப்பட்ட கதையல்ல. படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் இரண்டு வரி இருந்தது: கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தைப் பார்வையிடல், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் நடைபெறும் கடல்சார் கல்வி நிகழ்ச்சியில் பங்குபற்றல். கீழே உங்கள் கையெழுத்து, றப்பர் முத்திரை. தலைக்கு 7,500 ரூபா.

இரவு பத்து மணிக்குப் பஸ் எடுத்தார்கள். கந்தளாய்க் குளக்கட்டை இருட்டில் கடந்தோம். 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைத்துக்கொண்டு ஊர்களை வாரிப்போனதை ஒரு பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது, ஒலிபெருக்கியில் பைலா ஓடிக்கொண்டிருந்தது. ஹபரணையில் தேத்தண்ணி. காசியப்பனைப் புத்தகத்தில் படித்துப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் சீகிரியாவுக்குத் திரும்பும் சந்தியைத் தூக்கத்தில் கடந்தார்கள். 

காலையில் பூங்கா திறந்ததும் உள்ளே போனோம். சறுக்குக் குழாய்கள், சுழலும் கதிரைகள், நடுவில் ஓர் அலைக்குளம். மணியடித்தால் மோட்டார் கிளம்பும், இடுப்பளவுக்கு அலை எழும்பும். கொட்டியாரக்குடாவின் கரையில் பிறந்து, நேராக நடக்கப் பழகுமுன் அலையில் உருண்ட பிள்ளைகள் 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, அந்த மோட்டார் அலைக்கு வரிசையில் நின்றார்கள். குளித்தார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் சிரிக்கத்தான் வேண்டும். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் பாக்கியும் இருக்கிறது.

பிறகு உங்கள் கல்வி நிகழ்ச்சி. ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பைபரில் செய்த திமிங்கிலம் ஒன்று. அதன் வாய்க்குள்ளால்தான் நுழைய வேண்டும். உள்ளே திரை. ஒலிவாங்கியோடு ஒரு இளம் பையன். நல்ல பிள்ளை, சிரித்த முகம். அவனுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அவன் வேகத்துச் சிங்களம் பிடிபடாது. இதில் அவனும் பிழையில்லை, அவர்களும் பிழையில்லை. யாரைக் கூட்டி வருகிறார்கள், எந்த மொழியில் நடத்துவார்கள் என்று அனுமதிக்கு முன் ஒருவர் தொலைபேசியை எடுத்துக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் நீலத்திமிங்கிலம் நீரைப் பீச்சியடித்தது. பையன் உருகி உருகிப் பேசினான். ‘திரிகுணாமலய’ என்று அவன் சொன்னபோது மட்டும் பிள்ளைகள் நிமிர்ந்து கைதட்டினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவன், தகப்பன் ஆழ்கடலுக்குப் போகிறவர், ஆசிரியையின் சேலையை இழுத்துக் கேட்டான்: “மிஸ், என்னவாம்?”

“எங்கட கடலைப் பற்றித்தான்ரா சொல்லுறார்.”

“எங்கட கடலில என்னவாம்?”

மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. பிறகு பையன் ஏதோ கேள்வி கேட்டான். சரியான விடைக்குச் சாவிக்கொத்து பரிசாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் எங்கள் பிள்ளைகளை மொக்கு என்று நினைத்திருப்பான். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டான்.

அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. 1877இல் திறந்த கட்டடம் எங்களுக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் திறந்திருக்குமா? பூட்டிய கேற்றுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது ‘பார்வையிட்டமைக்கான சான்று’ என்று உங்கள் கோவையில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா, பின்னால் பூட்டுத் தெரியும்.

இவ்வளவும் போனவர்களின் கதை. வகுப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் போகவே இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340க்கு ஏறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் கரையில் அதற்குப் பிறகு எஞ்சின் இறக்கிவைத்த வள்ளங்கள் பல. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் 15,000 ரூபா. ‘காய்ச்சல்’ என்று சொல்லி வீட்டில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று வரவு இடாப்பு சொல்லாது. ஆனால் தவணைப் பரீட்சைத் தாள் சொல்லும். தமிழ்ப் பாடத்தில் கட்டுரைத் தலைப்பு என்ன தெரியுமா? ‘நான் சென்ற கல்விச் சுற்றுலா’. போகாத பிள்ளை என்ன எழுதும்? அழித்தழித்துப் பொய் எழுதியது. போன பிள்ளையும் அருங்காட்சியகத்துக்குள் சிம்மாசனத்தைக் கண்டதாகப் பொய்தான் எழுதியது. உங்கள் நிருவாகத்தில் ஏழைக்கும் வசதியானவனுக்கும் சமத்துவம் கிடைத்த ஒரே இடம் அந்த விடைத்தாள்.

இப்போது, நாங்கள் கேட்டதைச் சொல்கிறேன். ஊர்வாசிகள் படித்துவிட்டு நீதி சொல்லட்டும்.

ஒரே ஒரு பகல். பாலங்கள் வந்தபிறகு எங்கள் கரையிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் முதல் பாடத்துக்குப் பஸ்கூட வேண்டாம். 1660இல் றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது எங்கள் கொட்டியாரத்தில்தான். 19 வருடம் சிறையிருந்து தப்பிப் போய் 1681இல் அவர் இலண்டனில் அச்சிட்ட புத்தகத்தால்தான் அந்தக் காலத்து இலங்கைக் கிராமம் எப்படி இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 

பிறகு நகரத்தில் கோட்டை வாசல். பழைய கோணேசர் ஆலயத்தை இடித்து அந்தக் கல்லாலேயே 1624இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். நான்கு சாம்ராச்சியம் ஒரு வாசலால் உள்ளே வந்து வெளியே போயிருக்கிறது. வாசல் கல்லில் இரட்டைக் கயல் இன்னும் இருக்கிறது. இதைவிட வேறென்ன வரலாற்றுப் பாடம் வேண்டும்? உள்ளே மான்கள் நிற்கும், பொலித்தீன் தின்னும். சுற்றாடல் பாடத்துக்கு அதுவே போதும். உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தைத் திருத்தி 2013இல் திறந்த கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அது பூட்டுமுன் போய்ச்சேர்வது எங்களுக்குக் கஷ்டமில்லை. சீனக்குடாவில் ஆங்கிலேயர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மீது ஏன் குண்டு போட்டன, 80 வருடம் கழித்து 2022 ஜனவரியில் அதே தாங்கிகளுக்காக ஏன் இந்தியாவோடு ஒப்பந்தம் என்ற இரண்டு கேள்வியையும் காட்டின் நடுவே நிற்கும் ஒரு தாங்கியைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கலாம். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றரில் புறாமலை. ஆங்கிலேயர் சுட்டுப் பழகிய தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. சுமார் நூறு வகைப் பவளம், முந்நூறு வகை மீன். அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளோடு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு இளநீர் விற்கிறார்கள்.

திமிங்கிலம் பார்க்கவும் கேட்டோம். மகாவலி வந்து விழும் எங்கள் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால்தான் மற்ற ஊர்களில் நெடுந்தூரம் ஓடித் தேட வேண்டிய நீலத்திமிங்கிலம் இங்கே கரைக்குக் கிட்ட வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்து ஆய்வாளர்கள் படித்தது இந்தக் கடலை. போர் மூண்டு அந்தப் பாடம் நின்றுபோனது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் நம் பாடசாலைகள் அதை மீண்டும் தொடங்கவில்லை.

எங்கள் கோரிக்கைக்கு எழுத்தில் பதில் வரவில்லை. வாயால் வந்தது. “கடல் விசயம். பாதுகாப்பில்லை. குறிஞ்சாக்கேணியை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்டீர்கள்.

மறக்கவில்லை, பணிப்பாளரே. 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தபோது அது சுற்றுலா போகவில்லை. பாலத்தை உடைத்துவிட்டுப் புதுப்பாலம் கட்டி முடிக்காமல் விட்ட இடத்தில், பள்ளிக்கூடம் போவதற்கு வேறு வழியில்லாமல் பிள்ளைகள் அதில் ஏறினார்கள். பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே போனார்கள். அவர்களைக் கொன்றது கடலா, முடியாத பாலமா? அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி இன்னொரு பிள்ளையின் படிப்பை மறிக்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

பாதுகாப்பு என்றால் இரவு முழுக்கப் பஸ் ஓட்டுவது பாதுகாப்பா? 2023 ஜனவரியில் நானுஓயாவில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் செத்ததை நீங்கள் மறந்துவிட்டீர்களா? முந்நூறு பேர் குதிக்கும் அலைக்குளத்துக்குள் எங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டு விசில்காரரை நம்பி நின்றோமே, அதற்குக் கையெழுத்துப் போட உங்கள் கை நடுங்கவில்லையே!

திமிங்கிலம் பார்க்கப் படகும் வேண்டியதில்லை. மார்ச் தொடக்கம் ஆகஸ்ட் வரை கோணேசர் மலை முனையில் பொறுமையாக நின்றால், அதிர்ஷ்டமிருந்தால் கரையிலிருந்தே காணலாம். மலையடியில்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க் மூழ்கிப் பழைய ஆலயத்தின் கற்களைக் கண்டார். ஒரு தொலைநோக்கி இரவல் வாங்கினால் பாடம் முடிந்தது. இதையும் எங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தோம். இரண்டாம் பக்கம்வரை நீங்கள் வரவில்லை போலும். உங்கள் பிள்ளைகள் படிப்பது வேறு ஊரில் என்று கேள்வி; அவர்கள் விடுமுறைக்கு இங்கே வந்தபோது திமிங்கிலம் பார்க்கப் போனார்கள் என்றும் கேள்வி. நல்லது. பார்க்க வேண்டியதுதான்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சறுக்குக் குழாய்க்குத் தடை போடச் சொல்லவில்லை. கூட்டிப்போங்கள், ஆனால் நோக்கம் என்ற கட்டத்தில் ‘தண்ணீரில் சறுக்குதல்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கல்வி என்று எழுதினால் கல்வியைக் கொடுங்கள், பணம் இல்லாத பிள்ளைக்கும் கொடுங்கள். அந்த 7,500இல் போகாத பிள்ளைகளையும் சேர்த்து முழு வகுப்பையும் ஒரு பகல் நகரம் சுற்றிக் காட்டிச் சோறும் கொடுத்திருக்கலாம். கணக்குப் பாட ஆசிரியரிடம் கொடுங்கள், போட்டுக் காட்டுவார். தகரக் கொட்டகை நிகழ்ச்சியை யார் பட்டியலில் சேர்த்தார்கள், எந்தச் சுற்றுலா முகவர் கொண்டுவந்து தந்தார் என்பதையும் சொன்னால் புண்ணியமாகப் போகும். சொல்லமாட்டீர்கள்.

இந்த மடலுக்கும் ஓர் இலக்கம் போட்டு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எங்கள் அதிபருக்கே திருப்பி அனுப்புவீர்கள் என்பது தெரியும். அதனால் புதிய விண்ணப்பம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாள்: ஆகஸ்ட் விடுமுறை, கடல் அடங்கியிருக்கும் காலம். இடம்: கோட்டை வாசல், கோணேசர் மலை, உட்துறைமுக வீதி. பயண நேரம்: விடிந்தபின் போய் இருட்டுமுன் திரும்புதல். விளக்கம் சொல்லப் போகிறவர்கள்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், ஆழ்கடலுக்குப் போகும் தகப்பன்மார் இருவர். மொழி: பிள்ளைகளுக்கு விளங்குவது. நோக்கம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை எப்படி நிரப்புவது என்பதில் நீங்கள்தான் கைதேர்ந்தவர்.

மறுப்பதென்றால் மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் தாருங்கள். தமிழில்.

இப்படிக்கு,
கொட்டியாரக்குடாவின் தென்கரையிலிருந்து ஒரு தாய்